கேட் முதல் போர்டிகோ வரை: ராத்திரியில் முகம் தெரிய என்ன கேமரா, என்ன லைட்?

கேள்வி இதுதான்: கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்தில் வீடு. கேட்டில் இருந்து போர்டிகோ வரை சுமார் 60 அடி, மேட்டில் ஏறி வரும் வழி. வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும், கேட்பவர் ஷார்ஜாவில். போர்டிகோ சீலிங்கில் 2 மெகாபிக்சல் டோம் கேமரா ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு ராத்திரி திறந்து கிடந்த கேட்டுக்குள் ஒரு பைக் வந்து நின்றிருக்கிறது. ஒருவன் பாதி வழி நடந்து வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். பதிவைப் பார்த்தால் ஹெட்லைட்டின் வெள்ளை வட்டமும் ஒரு சாம்பல் உருவமும்தான் தெரிகிறது. கடைக்காரர் 8 மெகாபிக்சல் கேமரா நான்கு போடச் சொல்கிறார். போடலாமா? லைட் என்ன போடுவது?

தம்பி, அந்த நான்கு கேமராவை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்கள் வீட்டுக்குத் தேவை நல்ல கேமரா இரண்டு, சின்ன லைட் மூன்று, சென்சார் லைட் ஒன்று. முதலில் லைட்டுகளை மாட்டுங்கள். அந்த வெளிச்சத்தில் எது போதும் என்று பார்த்து அப்புறம் கேமரா வாங்குங்கள். நம் ஊரில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கேமராவுக்கே பணமெல்லாம் போய்விடுகிறது, வழி இருட்டாகவே கிடக்கிறது.

உங்கள் பழைய கேமராவில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் கடைக்காரர் எதைச் சொன்னாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

வீடுகளுக்கு மாட்டும் டோம் கேமராக்களில் பெரும்பாலும் 2.8 மி.மீ. லென்ஸ் இருக்கும். அது ஏறத்தாழ 106 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும். முற்றம் முழுக்க ஒரே படத்தில் விழுவதால் வாங்கும்போது மனசுக்குப் பிடித்துவிடும். ஆனால் 60 அடி, அதாவது 18 மீட்டர் தள்ளி, அது பார்க்கும் அகலம் சுமார் 48 மீட்டர். 2 மெகாபிக்சல் படத்தில் குறுக்காக 1920 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு 40 புள்ளி. மனித முகத்தின் அகலம் 15, 16 செ.மீ. அப்படியானால் கேட்டில் நிற்பவன் முகத்துக்குக் கிடைப்பது ஆறு புள்ளி. பட்டப்பகலிலேயே அதில் முகம் தெரியாது.

கண்காணிப்புக் கேமராவுக்கு ஐஇசி 62676-4 என்று ஒரு சர்வதேசத் தரநிலை உண்டு. பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கும் அதன் கணக்கு இது: யாரோ இருக்கிறார்கள் என்று தெரிய மீட்டருக்கு 25 புள்ளி வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஆள் என்றால் இன்னார் என்று சொல்ல 125. முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காண 250. நீங்கள் கேட்பது இந்தக் கடைசி வகை. கடைக்காரர் சொல்லும் 8 மெகாபிக்சலை அதே 2.8 லென்ஸோடு அதே இடத்தில் மாட்டினால் கேட்டில் கிடைப்பது மீட்டருக்கு 80 புள்ளி. காசு கூடும், முகம் அப்போதும் தெரியாது.

லென்ஸை மாற்றிப் பாருங்கள். 4 மெகாபிக்சல் கேமராவில் 6 மி.மீ. லென்ஸ் போட்டுப் போர்டிகோவில் இருந்தே பார்த்தால் கேட்டில் மீட்டருக்கு 145 புள்ளி கிடைக்கும். பாதி வழியில், அதாவது உங்கள் ஆள் வந்து நின்ற இடத்தில், 290. மெகாபிக்சலைக் கூட்டுவதைவிட லென்ஸ் பார்க்கும் அகலத்தைக் குறுக்குவதும் கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோவதும் பல மடங்கு பலன் தரும்.

கேட்டில் இருந்து 15 அடி உள்ளே தள்ளி, மதிலிலோ ஒரு இரும்புக் கம்பத்திலோ, 4 மி.மீ. லென்ஸ் உள்ள 4 மெகாபிக்சல் கேமரா ஒன்றைக் கேட்டைப் பார்த்து வையுங்கள். அங்கே மீட்டருக்கு சுமார் 300 புள்ளி கிடைக்கும். உயரம் ஏழு, எட்டு அடி போதும். 12 அடியில் வைத்தால் யாரும் எட்ட மாட்டார்கள் என்று வேலைக்கு வருபவர்கள் சொல்வார்கள். சரிதான், ஆனால் அங்கிருந்து தெரிவது உச்சந்தலையும் தொப்பியும்தான். நம் ஊர் மழைக்காலத்தில் குடை மட்டுமே தெரியும். கை எட்டிவிடும் என்ற பயம் இருந்தால், போர்டிகோ கேமரா இந்தக் கேமராவையும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள். ஒன்றைத் தொட வருபவன் இன்னொன்றில் விழுவான்.

இப்போது ராத்திரிக்கு வருவோம். புள்ளிக் கணக்கு எல்லாம் வெளிச்சம் இருந்தால்தான்.

இருட்டில் கேமரா என்ன செய்கிறது? ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. வினாடியில் 25-இல் ஒரு பங்கு, சில மாடல்களில் 12-இல் ஒரு பங்கு வரை போகும். சாதாரணமாக நடக்கும் ஆள் வினாடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் நகர்வான். 25-இல் ஒரு பங்கு நேரத்தில் ஐந்தரை செ.மீ. நகர்ந்துவிடுகிறான். 12-இல் ஒரு பங்கு என்றால் 12 செ.மீ., முகத்தின் அகலத்தில் முக்கால்வாசி. படம் இழுபட்டுப் போவது இதனால்தான். நின்றால் தெளிவாக இருக்கும், நடந்தால் ஆவி மாதிரி இருக்கும். லைவில் கேமராவைக் காட்டி விற்கும்போது யாரையும் நடக்கச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு மருந்து, செட்டிங்கில் ஷட்டரை 1/100-இல் கட்டிவைப்பது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/100 வைத்தால் லைட் வெளிச்சத்தில் படம் மின்னி மின்னித் தெரியும் தொல்லையும் இருக்காது. ஆனால் 1/25-இல் இருந்து 1/100-க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் கால்வாசியாகக் குறையும். அந்த இழப்பை இரண்டு வழியில் ஈடுகட்டலாம்: கேமராவின் கண்ணைப் பெரிதாக்குவது, வழியில் வெளிச்சத்தைக் கூட்டுவது.

கண் பெரிதாக என்றால் பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று சென்சார் அளவு. 1/3 அங்குலம், 1/2.8 அங்குலம், 1/1.8 அங்குலம் என்று போட்டிருக்கும், இதில் 1/1.8 தான் பெரியது. இன்னொன்று லென்ஸின் எஃப் எண், அது குறையக் குறைய வெளிச்சம் கூடும். எஃப் 1.0 லென்ஸ், எஃப் 2.0 லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 1.6 லென்ஸைவிட இரண்டரை மடங்கு. 1/2.8 சென்சாரில் 8 மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் இடம் சுருங்கிவிடும், ராத்திரியில் படம் முழுக்கப் புழுதி பறப்பது மாதிரி இருக்கும். 1/1.8 சென்சாரில் 4 மெகாபிக்சல், எஃப் 1.0 அல்லது எஃப் 1.2 லென்ஸ். ராத்திரிக்கு வீட்டு பட்ஜெட்டில் இதைவிட நல்ல சேர்க்கை எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் கேட் கேமராவுக்கு இதைத்தான் வாங்கச் சொல்வேன். போர்டிகோ கேமராவுக்கு ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை.

பெயர் பெற்ற கம்பெனிகள் பலவற்றில் இந்த வகை கிடைக்கும். ஒரே கம்பெனியில் ஆயிரம் ரூபாய்க்கும் கேமரா உண்டு, பல ஆயிரத்துக்கும் உண்டு என்பதால் கம்பெனிப் பெயரை வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. மேலே சொன்ன இரண்டு எண்களும் பெட்டியிலோ அதன் விவரப் பட்டியலிலோ இல்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். இன்னொன்று, சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்றை மத்திய அரசு கட்டாயமாக்கி, அது 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய ஸ்டாக்கை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பவர்களிடம் அந்தச் சான்றைக் கேளுங்கள்.

லைட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன்.

கேமராவிலேயே ஐ.ஆர். லைட், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லைட் இருக்கிறதே, அது போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். பெட்டியில் 30 மீட்டர் என்று எழுதியிருக்கும். 30 மீட்டரில் ஏதோ அசைகிறது என்று தெரியும், அவ்வளவே. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி. அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தவன் முகம் வெள்ளையாக வெந்துபோகும், கேட்டில் நிற்பவன் கறுப்பில் கரைந்துபோவான். வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டவர் என்றால் இன்னும் மோசம். நிறமும் தெரியாது, சிவப்பு பைக்கா கறுப்பு பைக்கா, என்ன கலர் சட்டை என்று போலீஸ் கேட்டால் பதில் இருக்காது. ஐ.ஆர். வேண்டாம் என்று சொல்லவில்லை. கரண்டும் லைட்டும் போன நேரத்தில் கடைசித் துணை அதுதான். அதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது.

60 அடி வழிக்கு 50 வாட் ஃபோகஸ் லைட் ஒன்றைப் போர்டிகோ மேலே மாட்டுவதைத்தான் நம் ஊரில் வழக்கமாகச் செய்கிறோம். அது வீட்டு முன்னால் பகலாகவும் கேட்டில் இருட்டாகவும் இருக்கும். வருபவர் கண்ணையும் கூசும், பக்கத்து வீட்டு ஜன்னலிலும் அடிக்கும். அதற்குப் பதிலாக 9 அல்லது 10 வாட் எல்இடி மூன்றை, மதிலோரமாக 20 அடிக்கு ஒன்று, எட்டடி உயரத்தில், மேல் மூடி வைத்துக் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். ஒன்று சுமார் 900 லூமன் கொடுக்கும். வழி முழுக்க ஒரே சீராக வெளிச்சம் இருந்தால் கேமரா தடுமாறாது. வெளிச்சம் அதிகமாக இருப்பதைவிடச் சீராக இருப்பது முக்கியம். மதிலின் உள்பக்கம் வெளிர் நிறம் பூசியிருந்தால் அதுவே பாதி வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

செலவைப் பற்றி அப்பா கவலைப்பட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மூன்றும் சேர்ந்து 30 வாட். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை எரிந்தால் ஒரு நாளைக்கு 0.36 யூனிட். இரண்டு மாத பில்லில் 22 யூனிட்டுக்குள் அடங்கும். இருட்டினால் எரிந்து விடிந்தால் அணையும் டே-நைட் சென்சார் ஒன்றைச் சேர்த்துவிட்டால் அவர்கள் சுவிட்சைத் தேடி நடக்க வேண்டியதில்லை. மேட்டு வழியில் வயதானவர்கள் தடுக்கி விழாமல் இருக்கவும் இந்த லைட் வேண்டும். கள்ளனைவிட அந்த பயம்தான் எனக்கு அதிகம்.

நிறம் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள். 6500 கெல்வின் வெள்ளை வேண்டாம். நீல வெளிச்சம் கூடக்கூடப் பூச்சி கூடும். முதல் மழை பெய்த அன்று ராத்திரி ஈசல் கிளம்புவது உங்களுக்கே தெரியும். வெள்ளை லைட்டுக்குக் கீழே கேமரா இருந்தால் அன்றைக்குப் படம் முழுக்க ஈசல்தான், செல்போனில் அலர்ட் நிற்காது. மறுநாள் அதைத் தின்ன வரும் பல்லியும், அப்புறம் வலை கட்ட வரும் சிலந்தியும் கேமரா முன்னால்தான் குடியிருக்கும். லைட் எதையும் கேமராவுக்கு ஒட்டி மாட்டாதீர்கள், இரண்டு மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும். ஆனால் கேட் கேமரா எந்தப் பக்கம் இருந்து பார்க்கிறதோ அதே பக்கம் இருந்துதான் லைட்டும் முகத்தில் விழ வேண்டும். ஆளுக்குப் பின்னால் லைட் இருந்தால் உருவம் கறுப்பாகிவிடும்.

இங்கேதான் நம் ஊர் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல். கேட் தூண் இரண்டிலும் உருண்டை லைட் வைத்துக் கட்டுவது வழக்கம். வீட்டுக்கு அழகுதான். ஆனால் உள்ளே இருந்து கேட்டைப் பார்க்கும் கேமராவுக்கு அந்த இரண்டு உருண்டையும் நேர் கண்ணில் அடிக்கும். கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், நடுவில் நிற்பவன் முகம் இருண்டுவிடும். உங்கள் கேட்டில் அவை இருந்தால் 3 வாட் மஞ்சள் பல்பாக மாற்றுங்கள், அல்லது கீழ்நோக்கி மட்டும் வெளிச்சம் விழும் மூடி போட்டதாக மாற்றுங்கள்.

சென்சார் லைட் கேட்டருகே ஒன்று, 20 வாட் போதும். வருபவனுக்கு, தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அந்த சென்சார் வேலை செய்கிறது. நம் ஊரில் ஏப்ரல், மே ராத்திரியில் அந்த வித்தியாசம் குறைவு, எட்டும் தூரமும் குறைந்துவிடும். அதோடு, குறுக்கே நடப்பவனை அது சட்டென்று பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவனைத் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் கேட்டுக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டு மதிலில் வையுங்கள். இன்னொரு விஷயம்: முழு இருட்டில் ஐ.ஆர். மோடில் இருக்கும் கேமரா, சென்சார் லைட் எரிந்ததும் கலர் மோடுக்கு மாற ஓரிரு வினாடி எடுக்கும். ஆள் முகத்தைத் தூக்கிப் பார்ப்பதும் சரியாக அந்த வினாடியில்தான். மூன்று சின்ன லைட்டும் எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் இந்த இடைவெளியே வராது, கேமராவைக் கலரிலேயே வைத்திருக்கலாம்.

சோலார் லைட் பற்றியும் கேட்பீர்கள். தோட்டத்து மூலைக்கு, கிணற்றடிக்கு வைக்கலாம். கேமராவுக்கான வெளிச்சமாக வேண்டாம். ஜூனிலும் சரி, அக்டோபர் நவம்பரிலும் சரி, நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் மலிவான சோலார் லைட் பாதி ராத்திரிக்குள் மங்கிவிடும்.

வண்டி நம்பர் தனிக் கதை. உங்கள் வழி மேடு ஏறி வருவதால் வரும் வண்டியின் ஹெட்லைட் நேராகப் போர்டிகோ கேமராவைத்தான் குத்தும். நம்பர் பிளேட் ஒளியைத் திருப்பி அடிக்கும் தாள் ஒட்டியது, ஐ.ஆர். பட்டால் பளீரென்று வெள்ளையாகும். முன்பக்கம் இருந்து பிடிக்க முயற்சிப்பதை விட்டுவிடுங்கள். பைக்கின் முன் நம்பர் சின்னது, பின் நம்பர் பெரியது, பின்னால் ஹெட்லைட்டும் இல்லை. கேட் தூணில், மூன்றடி நான்கடி உயரத்தில், உள்பக்கம் பார்த்து ஒரு கேமரா வைத்தால் வண்டி உள்ளே வரும்போது பின் நம்பர் கிடைக்கும். அதில் ஷட்டர் 1/500 அல்லது அதைவிட வேகமாக வைக்க வேண்டும். படம் இருட்டாக, பிளேட் மட்டும் தெளிவாகத் தெரியும். அதனால் ஒரே கேமராவில் முகமும் ராத்திரி நம்பரும் இரண்டும் ஒழுங்காகக் கிடைக்காது. ராத்திரி முழுக்க நம்பர்தான் முக்கியம் என்றால் மூன்றாவது கேமராவாக இதைச் சேருங்கள். இல்லையென்றால் கேட்டை ராத்திரி பூட்டி, வருபவன் வண்டியை வெளியே நிறுத்தி இறங்கும்படி வைப்பது அதைவிட நல்லது.

வடிவத்தில் டோம் வேண்டாம். டோமின் கண்ணாடி மூடியில் மழைத்துளியும் தூசியும் படிந்தால் அதன் ஐ.ஆர். வெளிச்சமே உள்ளே பிரதிபலித்துப் படம் வெளுத்துவிடும். டரட் என்று சொல்லும் உருண்டைக் கண் வகையில் லென்ஸ் தனி, ஐ.ஆர். தனி, அந்தத் தொல்லை குறைவு. நீளக் குழாய் மாதிரி இருக்கும் புல்லட் வகையைவிடச் சிலந்தி வலையும் குறைவாகப் பிடிக்கும். சன்ஷேடுக்குக் கீழே மாட்டினால் சுவருக்கு ஒட்டி உள்ளே தள்ளி வைக்காதீர்கள், ஐ.ஆர். சன்ஷேடில் பட்டுத் திரும்பும். கேமரா முன்னால் ஆடும் வாழை இலையை வெட்டிவிடுங்கள், பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு இலை போதும் ராத்திரிப் படத்தைக் கெடுக்க.

தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கு ஐபி 67 என்று போட்டிருப்பது கேமராவுக்குத்தான். அதில் இருந்து தொங்கும் வயரின் முனைக்கு இல்லை. வயர் இணைப்பை ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, வயர் நுழையும் துளையைச் சிலிக்கான் போட்டு அடைக்க வேண்டும். நம் ஊரில் கேமரா செத்துப்போவதற்கு மழை எவ்வளவு காரணமோ அவ்வளவு எறும்பும் காரணம். பாக்ஸுக்குள் கூடு கட்டி முட்டையிட்டு இணைப்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும். வயரை நேராகப் பாக்ஸுக்குள் விடாமல் கீழே ஒரு வளைவு கொடுத்து ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

உங்கள் வீடு கடலோரம் இல்லை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்க்ரூவும் கிளாம்பும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக வாங்குங்கள், சாதாரண 304 உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். மாதம் ஒருமுறை லென்ஸை நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள், காய்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றுக் காலத்தில் மெல்லிய கம்பத்தில் வைத்த கேமரா ராத்திரி முழுக்க ஆடும். அங்கே சுவரில்தான் வைக்க வேண்டும். குலசேகரம், திற்பரப்பு பக்கத்து ரப்பர் தோட்ட வீடுகளில் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு நடப்பார்கள். அலர்ட் எல்லையை ரோட்டில் வைக்காமல் கேட்டுக்கு உள்ளே கோடு போட்டு வையுங்கள். இது உங்களுக்கும் பொருந்தும். மனிதர், வண்டி என்று பிரித்தறியும் வசதி உள்ள மாடலாக வாங்கி, கேட் கோட்டைத் தாண்டினால் மட்டும் அலர்ட் வரும்படி வைத்தால்தான் நீங்கள் ஷார்ஜாவில் நிம்மதியாகத் தூங்க முடியும்.

அடுத்து இடி மின்னல். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் நம் மாவட்டத்தில் எலக்ட்ரானிக் பொருள்கள் போவது இதில்தான். கேட் வரை போகும் 60 அடி செம்புக் கம்பி, மின்னல் எழுப்பும் மின்வீச்சை நேராக வீட்டுக்குள் கொண்டுவரும். நல்ல எர்த் பிட், நெட்வொர்க் வயரின் இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர், இரண்டும் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். கேமரா வயர் எல்லாம் முதலில் ஒரு சின்ன பிஓஇ சுவிட்சில் (நெட்வொர்க் வயர் வழியாகவே கேமராவுக்குக் கரண்டும் கொடுக்கும் பெட்டி) சேர்ந்து, அங்கிருந்து ஒரே வயர் ரெக்கார்டருக்குப் போகட்டும். அடி விழுந்தால் பெரும்பாலும் விலை குறைந்த சுவிட்ச் முதலில் போகும். வீட்டின் மேலேயே நேரடியாக விழும் மின்னலுக்கு இதெல்லாம் போதாது. வயரைத் தென்னை மரத்தில் கட்டி இழுக்கவே வேண்டாம், குழாய் போட்டு மண்ணுக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லுங்கள். வயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாக வந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வைஃபை கேமரா வேண்டாமா என்றால், வயர் இழுக்கவே முடியாத இடத்தில் மட்டும் வைக்கலாம். பேட்டரி வைஃபை கேமரா அசைவைக் கண்ட பிறகுதான் விழித்துப் பதிவைத் தொடங்கும். ஆள் பாதி வழி வந்த பிறகு அவன் முதுகுதான் கிடைக்கும்.

கரண்ட் போனால் எல்லாம் போய்விடக் கூடாது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்கு அப்புறம் நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அவ்வளவுக்குத் திட்டமிட முடியாது. ஆனால் ஒரு ராத்திரிக்கு முடியும். மூன்று கேமரா, ரெக்கார்டர், சுவிட்ச், இன்டர்நெட் மோடம் எல்லாம் சேர்த்து 60 வாட்டுக்குள் வரும். மூன்று லைட்டையும் சேர்த்தால் 90. வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இதை மட்டும் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பல வீடுகளில் ரெக்கார்டர் இன்வெர்ட்டரில் இருக்கும், மோடம் இருக்காது. அல்லது வெளி லைட் இருக்காது. எலக்ட்ரீஷியனிடம் மெயின் சுவிட்சை அணைத்து, எது எரிகிறது, எது அணைகிறது என்று வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள்.

பதிவுக்கு 4 மெகாபிக்சல் கேமரா ஒன்று 4 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு நாளைக்கு 43 ஜிபி எடுக்கும். மூன்று கேமராவுக்கு 2 டிபி ஹார்டு டிஸ்க் என்றால் 15 நாள் நிற்கும். கண்காணிப்புக்கென்றே செய்யும் டிஸ்க் வாங்குங்கள். ரெக்கார்டரை டிவி ஸ்டாண்டில் வைக்காதீர்கள், உள்ளே வந்தவன் அதைத்தான் முதலில் தூக்குவான். காற்றோட்டம் உள்ள பூட்டிய அலமாரியில் வைத்து, கேட் கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டும் போட்டுவிடுங்கள். மாட்டியவர் வைத்த பாஸ்வேர்டை அவர் கிளம்பிய அன்றே நீங்கள் மாற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டு முற்றமோ, ஜன்னலோ, கிணற்றடியோ படத்தில் விழுந்தால் அந்த இடத்தைக் கறுப்பால் மறைக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அதைப் போட்டு, அவர்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டிவிடச் சொல்லுங்கள் அம்மாவிடம். ராத்திரி ஒரு அலர்ட் வந்தால் நீங்கள் முதலில் போன் செய்யப்போவது அவர்களுக்குத்தான். அப்பாவை டார்ச்சோடு வெளியே போகச் சொல்லாதீர்கள். 112-க்கு வீட்டில் இருந்தே கூப்பிடச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அப்பாவும் அம்மாவும் கதவைத் திறக்காமல் உள்ளே இருக்கட்டும்.

ஏதாவது நடந்துவிட்டால், செல்போனில் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது மட்டும் போதாது. ரெக்கார்டரில் இருந்து மூலப் பதிவை அப்படியே பென் டிரைவில் எடுத்து வையுங்கள், டிஸ்கில் அது அழியும் முன்னால். மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் சாட்சியாக ஏற்கப்பட, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் தேவைப்படும். அதைப் பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளலாம். ரெக்கார்டரின் கடிகாரம் இன்டர்நெட் நேரத்தோடு தானாகச் சரியாகும்படி வையுங்கள். ஒரு மணி நேரம் தப்பாக ஓடும் கடிகாரம் நல்ல பதிவையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

கடைசியாக, பணம் முழுவதையும் கொடுக்கும் முன்னால் ஒரு சோதனை. வேலை முடிந்த அன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல், உங்கள் மச்சானோ சித்தப்பா மகனோ யாராவது தொப்பி போட்டுக்கொண்டு ஒருமுறை, குடை பிடித்துக்கொண்டு ஒருமுறை, பைக்கில் ஒருமுறை கேட்டில் இருந்து போர்டிகோ வரை சாதாரண வேகத்தில் வரட்டும். லைவைப் பார்க்க வேண்டாம். பத்து நிமிஷம் கழித்து ரெக்கார்டரில் இருந்து அந்தப் பதிவை ஓட்டி, முகம் தெரிய வேண்டிய இடத்தில் நிறுத்தி, அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆளைத் தெரியாத ஒரு நண்பரிடம் அந்தப் படத்தையும் நான்கைந்து பேரின் போட்டோவையும் காட்டி, இதில் யார் என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம். சொல்ல முடியவில்லை என்றால் கேமராவை மாற்றச் சொல்லும் முன்னால் கேட் பக்கத்து லைட்டின் கோணத்தையும் ஷட்டர் செட்டிங்கையும் சரிசெய்யச் சொல்லி, மறுநாள் ராத்திரி அதே ஆளை அதே வழியில் இன்னொருமுறை நடக்கவிடுங்கள்.